மாணவர் லைசென்ஸிலிருந்து தொழில் லைசென்ஸுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே மாதம் பிறந்தால் போதும், என் போனுக்கு வரும் சந்தேகங்களில் பாதி, படிக்கும்போது கிடைத்த வரைபட மென்பொருளின் மாணவர் லைசென்ஸைத் தொழிலுக்குப் பயன்படுத்தலாமா என்பதைப் பற்றியதாகத்தான் இருக்கும். பி.ஆர்க் முடித்தவர்கள், சிவில் டிப்ளமோ முடித்தவர்கள், இன்டீரியர் படித்தவர்கள், கிராஃபிக்ஸ் பக்கம் போனவர்கள் என எல்லோருக்கும் அதே குழப்பம். திருச்சியில் சிறிய வடிவமைப்பு அலுவலகம் ஒன்றை நடத்துகிறேன். மாலை நேரத்தில் கேட் (CAD, கணினியில் வரைபடம் வரைவது) சொல்லித் தருகிறேன். கேட்டவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். விலையும் விதியும் மாறக்கூடியவை. அதனால் பணம் கட்டும் முன் அந்தந்த நிறுவனத்தின் விதிமுறைப் பக்கத்தை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

ஸ்டூடண்ட் வெர்ஷனும் புரொஃபஷனல் வெர்ஷனும் ஒண்ணுதானே? எல்லா கமாண்டும் வேலை செய்யுதே.

மென்பொருள் பெரும்பாலும் ஒன்றுதான். அனுமதிதான் வேறு. ஆட்டோகேட், ரெவிட், 3டிஎஸ் மேக்ஸ் போன்ற வரைபட, மாடலிங் மென்பொருள்களை ஆட்டோடெஸ்க் நிறுவனம் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இலவசமாகத் தருகிறது. நீங்கள் படிக்கிறீர்கள் என்பதைச் சரிபார்த்து ஓராண்டுக்குக் கொடுப்பார்கள். தகுதி இருக்கும்வரை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளலாம். கற்க, கற்பிக்க மட்டும்தான் அது. தொழிலுக்கோ வருமானத்துக்கோ பயன்படுத்தக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது.

எந்த லைசென்ஸில் லைன் கமாண்ட் அடித்தாலும் கோடு வரத்தான் செய்யும். அந்தக் கோடு யாருக்காக, எதற்காக என்பதுதான் லைசென்ஸைத் தீர்மானிக்கிறது. இந்தப் பக்கத்தில் உள்ள பாதிக் கேள்விகளுக்கு இதிலிருந்தே பதில் வந்துவிடும்.

இன்னும் ஃபைனல் இயர்தான் படிக்கிறேன். தெரிஞ்சவங்க வீட்டுக்கு பிளான் போட்டா அஞ்சாயிரம் தர்றேன்னாங்க. போடலாமா?

படிக்கும்போது காசு வாங்கி வேலை செய்வதில் தப்பே இல்லை. அந்த வேலையை ஆட்டோடெஸ்க் மாணவர் லைசென்ஸில் செய்வதுதான் தப்பு. நீங்கள் மாணவர் என்பதால் அந்த வேலை படிப்பு ஆகிவிடாது. தொழில் சந்தாவை ஒரு மாதத்துக்கு எடுக்கலாம், அல்லது தொழிலுக்கும் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளில் வரையலாம். பின்னால் அதைப் பற்றித் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

காசே வாங்கல. மாமா வீடு, ஃப்ரீயாதான் போட்டுக் குடுக்கறேன். அப்பவுமா?

இதைக் கேட்காத மாணவர் இல்லை. என் கருத்தைச் சொல்கிறேன். கல்லூரி சர்வே பயிற்சிக்காக மாமா வீட்டை அளந்து வரைந்தால் அது படிப்பு. அதே வரைபடத்தை மேஸ்திரி கையில் வைத்துக்கொண்டு அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டினால், அது தொழில். ஒரு ரூபாய் கைமாறவில்லை என்பதால் அந்த வேலையின் தன்மை மாறிவிடாது. மனையில் சுண்ணாம்புக் கோடு போடப் போகிறார்கள் என்றால் மாணவர் லைசென்ஸை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

காலேஜ் முடிஞ்சிருச்சு, ஆனா லைசென்ஸ் இன்னும் எட்டு மாசம் இருக்குன்னு காட்டுது. அதுவரைக்கும் ஓட்டலாமா?

திரையில் தெரியும் தேதி, மென்பொருள் எப்போது நிற்கும் என்பதைத்தான் சொல்கிறது. வேலைக்குப் பயன்படுத்தலாம் என்று அது சொல்லவில்லை. நேற்று கல்லூரியில் இருந்தபோதே தொழிலுக்கு அனுமதி கிடையாது. இன்று படிப்பு முடிந்ததால் அது எப்படி வந்துவிடும்?

இந்த எட்டு மாதத்தை நம்பி வேலையில் இறங்குபவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. கிளையன்டிடம் கட்டணம் சொல்லும்போது மென்பொருள் செலவைச் சேர்க்காமல் சொல்லிவிடுகிறார்கள். ஒன்பதாவது மாதம் லைசென்ஸ் நின்றதும், கையில் மூன்று வீடு பாதியில் கிடக்கும். சந்தா கட்டப் பணம் இருக்காது. பேசிய கட்டணத்தைக் கூட்டவும் முடியாது. முதல் கோட்டேஷனிலேயே அந்தச் செலவுக்கு ஒரு பங்கு வைத்துவிடுங்கள்.

இன்டர்ன்ஷிப்புக்குப் போற ஆபீஸ்ல சொந்த லேப்டாப் கொண்டு வரச் சொல்றாங்க. அதுல ஸ்டூடண்ட் வெர்ஷன்தான் இருக்கு. அது காலேஜ் பாடத்துல ஒரு பகுதிதானே?

பயிற்சி உங்களுக்குப் பாடம்தான். ஆனால் அந்த அலுவலகத்துக்கு நீங்கள் வரைவது கிளையன்ட் வேலை. அதற்கு லைசென்ஸ் தர வேண்டியது அலுவலகம். லேப்டாப் உங்களுடையதாக இருக்கலாம். அவர்கள் தங்கள் கணக்கிலிருந்து உங்கள் மெயில் முகவரிக்கு ஓர் இருக்கையை (ஒரு ஆளுக்கான லைசென்ஸை) ஒதுக்கினால், நீங்கள் உங்கள் லேப்டாப்பிலேயே அந்தக் கணக்கில் நுழைந்து வேலை செய்யலாம்.

இதை எப்படிக் கேட்பது என்றுதான் பிள்ளைகளுக்குத் தயக்கம். சேரும் முதல் நாளே இப்படிக் கேளுங்கள்: "சார், என்கிட்ட இருக்கிறது ஸ்டூடண்ட் லைசென்ஸ். ஆபீஸ் வேலைக்கு எந்த ஐடியில லாகின் பண்ணட்டும்?" குற்றம் சாட்டும் தொனி இதில் இல்லை. ஒழுங்கான அலுவலகமாக இருந்தால் அன்றே ஏற்பாடு செய்துவிடுவார்கள். "அதெல்லாம் யார் பார்க்கப் போறா" என்று பதில் வந்தால், அலுவலகத்தைப் பற்றி உங்களுக்கு ஒன்று தெரிந்துவிட்டது.

எல்லா கம்பெனி ஸ்டூடண்ட் லைசென்ஸும் இதே மாதிரிதானா?

இல்லவே இல்லை. ஒன்றின் விதியை இன்னொன்றுக்குப் பொருத்திப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். ரைனோ என்ற 3டி மாடலிங் மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர் விலையில் ஒரு முறை வாங்கினால் அது காலாவதி ஆவதில்லை. படிப்பு முடிந்த பிறகும் வைத்துக்கொள்ளலாம், கட்டணம் வாங்கும் வேலைக்கும் பயன்படுத்தலாம். படிக்கும்போதே ரைனோவும் அதனுள் இருக்கும் கிராஸ்ஹாப்பரும் பழகியவர்கள், மாணவர் அட்டை செல்லும் காலத்துக்குள் அதை வாங்கி வைப்பது நல்ல முடிவு. கடைசி செமஸ்டரில் இதைச் செய்யாமல் விட்டுவிட்டு அடுத்த மாதம் வருத்தப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

அடோபியில் இரண்டு வகை இருக்கிறது. நீங்களே காசு கட்டி எடுக்கும் மாணவர் சந்தாவைச் சொந்த வேலைக்கும் வருமானம் வரும் வேலைக்கும் பயன்படுத்தலாம் என்று அடோபி சொல்லியிருக்கிறது. ஆனால் முதல் ஆண்டின் சலுகை விலை அப்படியே நீடிக்காது. இரண்டாம் ஆண்டில் கூடும். கல்லூரி தன் செலவில் கொடுக்கும் கணக்கு வேறு. அது கல்லூரியின் சொத்து, நீங்கள் வெளியேறியதும் போய்விடும். திரை வடிவமைப்புக்கான ஃபிக்மாவின் கல்வித் திட்டம் படிப்புக்கானது. தகுதி முடிந்தால் சாதாரண இலவசத் திட்டத்துக்கு இறங்கிவிடும். 3டி மாடலிங்குக்கான ஸ்கெட்ச்அப் ஃப்ரீ பெயரில் இலவசம் என்றாலும் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்தான், தொழிலுக்குக் கிடையாது. இது நிறைய இன்டீரியர் ஆட்களுக்குத் தெரிவதில்லை.

ஸ்டூடண்ட் வெர்ஷன்ல வரைஞ்ச பழைய ஃபைல் எல்லாம் என்ன ஆகும்? வாட்டர்மார்க் வரும்னு சொல்றாங்களே?

கோப்புகள் உங்களுடையவை. தொழில் பதிப்பில் திறக்கலாம், திருத்தலாம். வாட்டர்மார்க் கதை பழைய ஆட்டோகேட் பதிப்புகளிலிருந்து வருகிறது, அது உண்மையும்கூட. மாணவர் பதிப்பில் சேமித்த டிடபிள்யூஜி கோப்பை (ஆட்டோகேட் வரைபடக் கோப்பு) பிளாட் செய்தால், அதாவது அச்சிட்டால், தாளின் நான்கு ஓரத்திலும் 'கல்விப் பதிப்பில் உருவாக்கப்பட்டது' என்ற பொருளில் ஆங்கில வரி ஒன்று அச்சாகும்.

அதைவிட மோசம், அது தொற்றுநோய் மாதிரி பரவும். நான் முன்பு வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு பயிற்சி மாணவர் வீட்டில் வரைந்த கதவு பிளாக் (திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வரைபடத் துண்டு) ஒன்றைப் பென்டிரைவில் கொண்டு வந்தார். தேக்கு நிலை, ஒற்றைக் கதவு, கால்வட்ட வீச்சுக் கோடு, மொத்தமே ஏழெட்டுக் கோடுதான். அதை எங்கள் தரைத்தள வரைபடத்தில் இன்சர்ட் செய்தோம். அதிலிருந்து முதல் தளம், அங்கிருந்து பொது பிளாக் கோப்பு. இரண்டு வாரம் கழித்து ஏ1 தாளில் பிரிண்ட் எடுக்கப் போனபோது கடைக்காரர் தாளைச் சுருட்டாமல் என்னிடம் விரித்துக் காட்டினார். நான்கு ஓரத்திலும் அந்த வரி. கிளையன்ட் மாலை ஐந்து மணிக்கு வரவிருந்தார். எந்தக் கோப்பிலிருந்து ஆரம்பித்தது என்று தேடிக் கண்டுபிடிக்க இரவு ஆகிவிட்டது. தவறு எங்களுடையது. வெளியிலிருந்து வந்த பிளாக்கைச் சோதிக்காமல் சேர்த்தோம்.

2015 முதல் வந்த தொழில் பதிப்புகள் இந்த முத்திரையைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் நம் ஊரில் அதற்கும் முந்தைய ஆட்டோகேட் வைத்திருக்கும் பிரிண்டிங் கடைகளும் ஸ்ட்ரக்சரல் அலுவலகங்களும் இன்னும் உண்டு. அவர்களுக்கு டிடபிள்யூஜியுடன் பிடிஎஃபும் சேர்த்து அனுப்புங்கள். முத்திரை வரவில்லை என்பதால் மாணவர் பதிப்பில் தொழில் செய்யலாம் என்று அர்த்தமில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

காலேஜ் மெயில் ஐடியிலதான் எல்லாமே இருக்கு. அது எப்ப கட் ஆகும்?

அது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். சொல்லாமலே நிறுத்தும் இடங்களும் உண்டு. அதனால் கடைசி செமஸ்டர் வைவா முடிந்த வாரமே இந்த வேலையை முடித்துவிடுங்கள். மேகச் சேமிப்பில் உள்ள ஒவ்வொரு கோப்பையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் இறக்குங்கள். அடோபியில் கல்லூரிக் கணக்கிலிருந்து சொந்தக் கணக்குக்குக் கோப்புகளை மாற்ற மாணவர்களுக்கென்றே ஒரு வசதி இருக்கிறது. அதற்குக் கல்லூரிக் கணக்கு உயிரோடு இருக்க வேண்டும். ஃபிக்மா கோப்புகளின் உரிமையைச் சொந்த மெயிலுக்கு மாற்றுங்கள். இறக்கியவற்றைத் திறந்து பாருங்கள். எழுத்துருக்கள், வெளியே இணைத்த படங்கள், எக்ஸ்ரெஃப் கோப்புகள் (வரைபடத்தோடு இணைத்த வேறு வரைபடங்கள்) விடுபட்டிருந்தால் அப்போதுதான் தெரியும். ஆட்டோகேட்டில் இ-டிரான்ஸ்மிட் கமாண்ட் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தரும். போர்ட்ஃபோலியோவுக்குத் தேவையான வரைபடங்களையும் பிடிஎஃபாக எடுத்து வைத்துவிடுங்கள்.

தொழிலுக்கு முழு ஆட்டோகேட் வாங்கணுமா, எல்டி போதுமா?

மாணவராக இருக்கும்போது இருபது மென்பொருள் இலவசமாக இருந்ததால், தொழிலிலும் அவ்வளவும் வேண்டும் என்று தோன்றும். கடந்த மூன்று மாதம் எதைத் திறந்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டுதான் தேறும்.

வீட்டு பிளான், எலிவேஷன், செக்‌ஷன், வொர்க்கிங் டிராயிங் மட்டும் என்றால் ஆட்டோகேட்டின் எளிய பதிப்பான எல்டி போதும். அதில் 3டி மாடலிங் கிடையாது. சந்தா முழு ஆட்டோகேட்டைவிட வெகுவாகக் குறைவு. முன்பு எல்டியில் லிஸ்ப் (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) ஓடாது என்பது பெரிய குறையாக இருந்தது. 2024 பதிப்பிலிருந்து அதிலும் ஆட்டோலிஸ்ப் ஓடுகிறது. ஏரியா கணக்கிட, டைமென்ஷன் ஒழுங்கு செய்ய என்று லிஸ்ப் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி. கட்டடக்கலைக்கும் மெக்கானிக்கலுக்குமான தனிக் கருவித் தொகுப்புகள் தேவைப்பட்டால்தான் முழுப் பதிப்பு. 3டி ரெண்டர் வேலை மட்டும் செய்பவர்கள் 3டிஎஸ் மேக்ஸின் இண்டி உரிமத்தைப் பாருங்கள். ஆண்டு வருமானம் 1,00,000 டாலருக்குக் கீழ் இருப்பவர்களுக்கான குறைந்த விலைத் திட்டம் அது.

மாசச் சந்தாவா, வருஷச் சந்தாவா? எனக்கு வேலை விட்டு விட்டுத்தான் வருது.

வருடம் முழுக்க வேலை இருக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் ஆண்டுச் சந்தா. மாதச் சந்தாவைப் பன்னிரண்டால் பெருக்கினால் ஆண்டுச் சந்தாவைவிட நிறைய வரும். ஆனால் முதல் ஆண்டில் யாருக்கும் உறுதி இருக்காது. வேலை வந்த மாதம் மட்டும் எடுப்பது புதிதாகத் தொடங்குபவருக்குச் சரி. ஆட்டோடெஸ்கில் ஃப்ளெக்ஸ் என்ற டோக்கன் முறையும் உண்டு. திறக்கும் நாளுக்கு மட்டும் டோக்கன் கழியும். மாதத்தில் நான்கு நாள் ரெவிட் திறப்பவருக்கு அது ஒத்துவரும்.

ஒரு எச்சரிக்கை. 'ஆண்டுத் திட்டம், மாதாமாதம் கட்டணம்' என்பது மாதச் சந்தா அல்ல. அடோபியில் அதை எடுத்து 14 நாள் கழித்து நிறுத்தினால், மிச்ச மாதங்களின் தொகையில் பாதியைக் கட்ட வேண்டியிருக்கும். பட்டனை அழுத்தும் முன் அந்தச் சின்ன எழுத்து வரியைப் படியுங்கள்.

ஆட்டோ ரினியூவல் போட்டிருந்தேன். ஆனாலும் சந்தா நின்னுபோச்சு, கார்டுல பணமும் இருந்துச்சு. ஏன்?

ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படித் தானாகக் கழியும் கட்டணம் 15,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி போன்ற கூடுதல் ஒப்புதல் வேண்டும். ஆண்டுச் சந்தா பெரும்பாலும் அந்த வரம்பைத் தாண்டிவிடும். வங்கி அனுப்பும் செய்தியை நீங்கள் கவனிக்காவிட்டால் பணம் போகாது, சந்தா நின்றுவிடும். முடியும் தேதிக்குப் பத்து நாள் முன்பே போனில் நினைவூட்டல் வைத்து, கையால் கட்டிவிடுங்கள்.

ஜிஎஸ்டி பில் வாங்கினா லாபம் உண்டா?

நீங்கள் ஜிஎஸ்டி பதிவு செய்திருந்தால், சந்தாவில் சேர்ந்த 18 சதவீத வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுக்கலாம், அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். அதற்கு வாங்கும் முன்பே கணக்கில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணும் தொழில் பெயரும் இருக்க வேண்டும். மாணவர் காலத்துப் பெயரிலும் வீட்டு முகவரியிலும் பில் வந்தபின் திருத்துவது பெரும்பாடு. சேவைத் தொழிலில் ஆண்டு வருமானம் 20 லட்சத்துக்குள் இருக்கும் பெரும்பாலோர் பதிவு செய்யாதவர்கள். அவர்களுக்கு வரியும் செலவுதான். கட்டடக் கலைஞர், பொறியாளர், இன்டீரியர் டெகரேட்டர் போன்றோர் வரவில் பாதியை வருமானமாகக் காட்டும் ஊக வருமான முறையில் கணக்குக் கொடுத்தால், மென்பொருள் செலவைத் தனியாகக் கழிக்க முடியாது. ஆண்டுச் செலவு பெரிதாக இருந்தால் ஆடிட்டரிடம் இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

நானும் ஃப்ரெண்டும் சேர்ந்து ஒரு லைசென்ஸ் வாங்கி மாத்தி மாத்தி யூஸ் பண்ணலாமா?

முடியாது. இன்றைய சந்தாக்கள் ஆள் பெயருக்கானவை. ஆட்டோடெஸ்க் சந்தாவை மூன்று கணினிகளில் நிறுவலாம். ஆனால் ஒரே ஆள், ஒரு நேரத்தில் ஒரு கணினியில். வீட்டிலும் அலுவலகத்திலும் வேலை செய்யும் உங்களுக்காகத்தான் அந்த வசதி. நண்பருக்குத் தனி இருக்கை வாங்க வேண்டும். ஒருவருக்கு எல்டி, இன்னொருவருக்கு மாடலிங் மென்பொருள் என்று வேலையைப் பிரித்துக்கொண்டால் செலவு குறையும்.

ஆன்லைன்ல 1,500 ரூபாய்க்கு லைஃப்டைம் ஆட்டோகேட்னு விக்கிறாங்களே, அது ஒரிஜினலா?

இல்லை. ஆட்டோகேட்டின் புதிய நிரந்தர லைசென்ஸ் விற்பனையை ஆட்டோடெஸ்க் 2016 ஜனவரி இறுதியோடு நிறுத்திவிட்டது. புதுப் பதிப்புக்கு 'லைஃப்டைம்' என்று யாராவது விற்றால், உங்களுக்குக் கிடைப்பது வேறொருவர் பெயரில் எடுத்த கல்விக் கணக்காக இருக்கும், அல்லது கிராக்காக (பூட்டை உடைத்த திருட்டுப் பிரதியாக) இருக்கும்.

கிராக்கைத் தெரிந்தே பயன்படுத்துவது 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் குற்றம். குறைந்தது 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். சட்டத்தை விடுங்கள், கிராக் கோப்பை ஓடவிட ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். கிளையன்டின் பத்திர நகல், பட்டா, வீட்டு வரைபடம் எல்லாம் இருக்கும் கணினியில் அதைச் செய்யாதீர்கள்.

கையில காசு சுத்தமா இல்ல. நேர்மையா தொழில் ஆரம்பிக்க வழி இருக்கா?

இருக்கிறது, அதுவும் நல்ல வழியே. 3டி மென்பொருளான பிளெண்டர் தொழிலுக்கும் முழு இலவசம். அதில் செய்த படைப்பு உங்களுடையது. ரெண்டர் காட்சிகளுக்கு அது எதற்கும் சளைத்ததில்லை. 3டி மாடலிங்குக்கான ஃப்ரீகேட் 2024 நவம்பரில் 1.0 பதிப்பை எட்டியது. எளிய 2டி வேலைக்கு லிப்ரேகேட், லோகோவுக்கு இங்க்ஸ்கேப், ஓவியத்துக்குக் கிரிட்டா இருக்கின்றன. கிராஃபிக் வடிவமைப்புக்கான அஃபினிட்டியை 2024-இல் கேன்வா நிறுவனம் வாங்கியது. 2025 அக்டோபர் முதல் அதுவும் இலவசம். நிரந்தரமாக வாங்கி வைத்துக்கொள்ள விரும்பினால் பிரிக்ஸ்கேட் போன்றவை டிடபிள்யூஜியிலேயே வேலை செய்யும்.

ஒரு சிரமம் உண்டு. லிப்ரேகேட் டிஎக்ஸ்எஃப் கோப்பில் சேமிக்கும், டிடபிள்யூஜியில் அல்ல. ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் டிடபிள்யூஜி கேட்டால் மாற்றிக் கொடுக்க வேண்டும், மாற்றும்போது எழுத்தும் ஹேட்சும் (பரப்பை நிரப்பும் கோடுகள்) கலையலாம். வேலை ஒப்புக்கொள்ளும் முன் ஒரு மாதிரிக் கோப்பை அனுப்பி, அவர் பக்கம் சரியாகத் திறக்கிறதா என்று பாருங்கள்.

காலேஜ்ல ரெவிட் புதுசு, சேர்ந்த ஆபீஸ்ல பழசு. என் மாடல் திறக்கவே மாட்டேங்குது.

திறக்காது. ரெவிட்டில் புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்புக்குத் திருப்ப வழியில்லை. ஆட்டோகேட்டில் பழைய வடிவில் சேமிக்கலாம், ரெவிட்டில் அந்த வசதி கிடையாது. ஐஎஃப்சி என்ற பொதுக் கோப்பு வடிவில் ஏற்றுமதி செய்து உள்ளே கொண்டு வரலாம். ஆனால் ஃபேமிலிகள் (கதவு, ஜன்னல் போன்ற ஆயத்த உறுப்புகள்) பழையபடி திருத்த முடியாமல் போகும். வேலைக்குச் சேரும் முன் அவர்கள் எந்த ஆண்டுப் பதிப்பு வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

எம்.ஆர்க் படிச்சுக்கிட்டே பிராக்டிஸ் பண்றேன். ஸ்டூடண்ட் ஐடியும் இருக்கு. எனக்கு எது?

இரண்டும். ஆய்வுக்கும் பாடத்துக்கும் மாணவர் லைசென்ஸ், கிளையன்ட் வேலைக்குத் தொழில் லைசென்ஸ். முதல் பதிலில் சொன்னதேதான், அட்டையை வைத்து அல்ல, வேலையை வைத்து முடிவு. கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே வெளியே பிராக்டிஸ் செய்யும் ஆசிரியர்களுக்கும் இதே பதில். இரண்டுக்கும் வேறு வேறு மெயில் ஐடி வைத்துக்கொண்டால் எந்த லைசென்ஸில் திறந்தீர்கள் என்ற குழப்பம் வராது.

ஒரு வருஷமா தெரியாம ஸ்டூடண்ட் வெர்ஷன்லயே கிளையன்ட் வேலை செஞ்சுட்டேன். இப்ப என்ன பண்றது?

பயப்படாதீர்கள், ஆனால் இன்றைக்கே நிறுத்துங்கள். இப்போது நடக்கும் வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். தொழில் சந்தாவை ஒரு மாதத்துக்கு எடுங்கள். கல்விக் கணக்கிலிருந்து வெளியேறி, புதுக் கணக்கில் நுழையுங்கள். நடக்கும் வேலைகளின் கோப்புகளை அதில் திறந்து சேமித்து, கிளையன்டுக்குப் போக வேண்டிய பிடிஎஃப்களைப் புதிதாக எடுங்கள். கட்டி முடித்த வீடுகளின் வரைபடங்களை மீண்டும் வரைய வேண்டியதில்லை. நிறுவனத்திலிருந்து லைசென்ஸ் சரிபார்ப்பு மெயில் ஏற்கெனவே வந்திருந்தால் மட்டும், பதில் எழுதும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அப்படி ஒன்றும் வரவில்லையென்றால், அடுத்த கிளையன்டுக்குச் சொல்லப் போகும் கட்டணத்தில் சந்தாவின் பங்கைச் சேர்த்துக் கணக்குப் போட்டு, அதிலிருந்து ஆரம்பியுங்கள்.